எந்தக் கூட்டம்

காலை ஏழு ஐம்பது விசைப்படகு
நெருஞ்சிப்பேட்டைக் கரையைவிட்டுப்
பின்பக்கமாகத்தான் கிளம்பும்.
போகிற ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
விட்டு வந்த படித்துறையைப் பார்த்தபடி
கொஞ்ச தூரம் போவதில்
எனக்கொரு சுகம்.

பதினொரு வண்டிகள் நின்றன, ஒன்றோடொன்று இடித்து.
என் மொபெட்டில் நூல் கோன் மூட்டை.
கோழிக்கூடை ஒன்று.
அக்கட்டப் பள்ளிக்கூடத்து சார் இருவர்
வினாத்தாள் கட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.
பெண் பார்க்கப் போகிற குடும்பம் ஒன்று
பழத்தட்டை நடுவில் வைத்து
அதனிடம்கூடப் பேசாமல் இருந்தது.

நடு ஆற்றில் இஞ்சின் இரண்டு முறை இருமியது.
அப்புறம் இருமவும் இல்லை.
'ஆகாயத்தாமரை சுத்திக்கிச்சுங்' என்றார்
படகுக்கார அர்த்தநாரி.
பீடியைக் காதில் செருகிச்
சட்டையைக் கழற்றினார்.
அவர் தண்ணீருக்குள் போன நேரம்
என் போன் அடித்தது.

நாச்சிமுத்து. தம்பி.
ஆப்பக்கூடல் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன்
ஃபிஜியில் கரும்பாலைக்குப் போய் ஏழு மாதம்.
அவனும் தண்ணீர்மேல்தான் இருந்தான்:
ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கப்பல்.
அங்கே மத்தியானம் இரண்டரை.
'நேத்தே கிளம்பியிருக்கோணும்க்கா.
காத்துன்னு நிறுத்திப்போட்டாங்க.
துறையிலயே அட்டைய விரிச்சுப் படுத்துக்கிட்டோம்.'

திரைக்குள்
சேம்பங்கிழங்கு கட்டுக்கட்டாக,
பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை,
கயிற்றில் ஒரு பன்றி,
பாயில் வரிசையாகத் தூங்கும் பெண்கள்.
அவர்களுக்குப் பின்னால்
அக்கட்ட என்பதே இல்லாத தண்ணீர்.

'நம்ம ஆத்தைக் காட்டுக்கா.'
திருப்பினேன்.
பாலமலை, கதவணை,
பூலாம்பட்டிக் கரையில் துணி காயும் கம்பி.
'இவ்வளவுதானா' என்றான்.
பிறகு சத்தமே இல்லை.
நெட் போய்விட்டதென்று நினைத்தேன்.
போகவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு
பக்கத்தில் இருந்தவரை இழுத்துக் காட்டினான்.
'இவரு பேருல கவுண்டர்னு இருக்குதுக்கா.
நாலு தலைமுறையா இந்தத் தீவுதான்.
தமிழ் வராது. இந்தி பேசுவாரு.'

பழத்தட்டோடு எழுந்தே வந்துவிட்டார்
மாப்பிள்ளையின் பெரியப்பா சாமியப்பன்.
'எந்தக் கூட்டமுன்னு கேளு சாமி.'

தம்பி தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டான்.
எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்டானோ,
அந்த மனிதர் போனைக் கையில் வாங்கி
ஒரு சுற்று, மெதுவாகச் சுற்றிக் காட்டினார்:
கிழங்கு, மெத்தை, பன்றி,
தூங்குகிறவர்கள், தூங்கப் போகிறவர்கள்,
கம்பியில் சாய்ந்து வாந்தியெடுக்கும் ஒரு போலீஸ்காரர்.
இந்தக் கூட்டம்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை.
முப்பத்தாறு வயதில்
ஒன்பதாவது பெண்ணைப் பார்க்கப் போகிறவர்,
தண்ணீர் எதிரொலிக்க.
தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடி குதித்துக்
கோழிக்கூடைக்கு அடியில் ஓடியது.
'அது இல்லீங்...' என்று ஆரம்பித்த பெரியப்பா
மிச்சத்தைச் சொல்லவில்லை.

எங்கள் இஞ்சின் இன்னும் செத்துத்தான் கிடந்தது.
போனுக்குள் அந்தக் கப்பல் மட்டும்
தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம்
அந்தச் சத்தத்தில் எங்கள் படகு நகர்ந்தது.
ஆறு இழுத்திருக்கும் என்பார் அர்த்தநாரி.
அவர் அப்போது தண்ணீருக்குள் இருந்தார்,
அவருக்கென்ன தெரியும்.

கை நிறைய வேரோடு தலை தூக்கி
'ஆச்சுங்' என்றார்.

பூலாம்பட்டியில் வண்டிகள் உறுமி இறங்கின.
மாப்பிள்ளை குனிந்து சாத்துக்குடியைத் தேடி எடுத்து
வேட்டியில் துடைத்து
என் கோன் மூட்டைமேல் வைத்தார்.
ஏனென்று அவரும் சொல்லவில்லை.

தம்பி இன்னும் போனில் இருந்தான்.
'கரை தெரியுதாடா?'
'இன்னும் மூணு மணி நேரம்க்கா.
நீ இறங்கு.'